காதில் ப்ளூடூத், கையில் ஸ்டீயரிங், மூளையில் ஒற்றைப் பாதை

"வண்டி ஓட்டும்போது செல்போனை நான் கையில் எடுப்பதே இல்லை, ப்ளூடூத்தில்தான் பேசுகிறேன். சட்டமே அதைத் தடுக்காதபோது, அதை ஆபத்து என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சட்டத்தைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தம், கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை 184-வது பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்த்தது. முதல் முறை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் என்றால் சிறை இரண்டு ஆண்டுகள் வரையும் அபராதம் 10,000 ரூபாயாகவும் உயரும். 2020 அக்டோபர் 1 முதல், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் அக்கருவிக்கு அனுமதி உண்டு. பிரிட்டனும் 2003 டிசம்பரில் இதே போன்ற தடையைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது போன்றவற்றுக்கும் அதை விரிவாக்கியது. இரு சட்டங்களும் ஓட்டுநரின் கையைத்தான் பார்க்கின்றன. சாலையில் நிற்கும் காவலரின் கண்ணுக்குத் தெரிவதும் நீதிமன்றத்தில் நிரூபிக்க எளிதானதும் கைதான் என்பதால், சட்டம் அங்கே நிற்பதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் ஆய்வுகள் கையோடு நிற்கவில்லை. கனடாவின் டொரான்டோவில், விபத்தில் சிக்கியிருந்த 699 செல்போன் உரிமையாளர்களின் அழைப்புப் பதிவுகளை அலசி 1997-ல் வெளியான ஆய்வு, பேசும் நேரத்தில் மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. கைபடாமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. கை விடுபட்ட பின்னும் ஆபத்து ஏன் குறையவில்லை என்பதற்கான விடை, மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

எந்தச் செயலையும் மூளை மூன்று கட்டங்களாகச் செய்கிறது என்று கொள்ளலாம்: புலன் வழியே வந்ததை அறிவது, என்ன செய்வதென்று முடிவெடுப்பது, கைகால்களை இயக்குவது. முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் மற்றொரு வேலையோடு கூடவே நடக்க முடியும். நடுவில் உள்ள முடிவெடுக்கும் கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் இடம். ஒற்றை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் வண்டி நிலையத்தை அடையும் வரை, நம் வண்டி எவ்வளவு அவசரமானதாக இருந்தாலும் கிராசிங்குக்காக நின்றே ஆக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு சைகைகளைக் கொடுத்தால் இரண்டாவதற்கான பதில் தாமதமாகிறது என்பதை 1931-லேயே டெல்ஃபோர்டு என்ற உளவியலாளர் பதிவு செய்துவிட்டார். இடைவெளி குறையக் குறையத் தாமதம் கூடும்.

பிரேக் மிதிப்பது பழகிப்போன வேலை, கால் தானாகவே செய்துவிடும், அதற்கு இந்த வரிசை பொருந்தாது என்றுதான் யாரும் எண்ணுவோம். உளவியலாளர் பாஷ்லர் உள்ளிட்ட மூவர் 2006-ல் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தையே சோதித்தது. சிமுலேட்டரில், அதாவது நிஜச் சாலையில் ஓட்டுவது போலவே திரையில் காட்டும் கருவியில், ஓட்டுபவர் முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு எரிந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும். இடையில் ஓர் ஒலியோ ஒளியோ ஒரு முறை வந்ததா, இரு முறை வந்ததா என்று வாயால் சொல்லியோ பொத்தானை அழுத்தியோ பதில் தர வேண்டும். அவ்வளவு எளிய கேள்விதான். ஆனாலும் அந்தக் கேள்வியை ஒட்டி உடனே விளக்கு எரிந்தபோது பிரேக் தாமதமாகவே விழுந்தது. உளவியலில் நான் மிகவும் நேசிக்கும் சோதனைகளில் இது ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானாலே வண்டி மூன்று மீட்டருக்கு மேல் போய்விடும். அது ஓர் ஆட்டோவின் நீளத்தைவிட அதிகம்.

எங்கள் தெருமுனைச் சிக்னலில், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செல்போனைச் செருகியபடி ஒருவர் ஸ்கூட்டரில் நின்றிருந்தார். கண் நேராக விளக்கின் மேல்தான் இருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன்கள் அலறிய பிறகே அவர் கிளம்பினார். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்ட்ரேயரின் குழு இதையே அளந்தது. கைபடாமல் பேசிக்கொண்டே சிமுலேட்டரில் ஓட்டியவர்களின் விழியசைவைப் பதிவு செய்து, அவர்கள் நேராகப் பார்த்த பொருள்களைப் பற்றிப் பிறகு கேட்டபோது, பேசாமல் ஓட்டியவர்களைவிட அவர்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதும் பேச்சுதானே என்று அந்த வாசகர் அடுத்துக் கேட்கக்கூடும். அதே பல்கலைக்கழகத்தில் 2008-ல் வெளியான ஆய்வு, நெடுஞ்சாலையில் ஓர் ஓய்விடத்தில் வெளியேறும்படி ஓட்டுநர்களிடம் சொல்லிவைத்தது. போனில் பேசியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அதைத் தவறவிட்டார்கள். உடன் பயணித்தவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாக வெளியேறினார்கள். போக்குவரத்து நெருக்கமானபோது பயணி பேச்சை எளிமையாக்கினார், சாலையைப் பற்றியே பேசினார், வழியையும் நினைவூட்டினார். போனின் மறுமுனையில் இருப்பவர் கண்முன் சாலை இல்லை, லாரி குறுக்கே வரும் அதே கணத்தில் அவர், "வீட்டு வாடகை கொடுத்தாச்சா?" என்று கேட்பார்.

இந்தச் சோதனைகள் கார் ஓட்டுநர்களை வைத்து வெளிநாடுகளில் செய்யப்பட்டவை. நம் சாலைகளை நிறைப்பவை இருசக்கர வாகனங்கள். சமநிலையும் காற்றிரைச்சலும் திடீர்ப் பள்ளங்களும் அந்த ஒற்றைப் பாதையில் கூடுதலாக இடம் கேட்பவை. புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத நாம், ஓடும் ஸ்கூட்டரில் பேசுபவரின் பிரேக் எவ்வளவு தாமதமாகிறது என்பதை நம் ஊரிலேயே அளப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். நம் சாலைப் பாதுகாப்பு நிதியில் அதற்கு ஒரு பங்கு வேண்டும் என்பதை நான் உறுதியாகக் கேட்கிறேன்.