விமானத்துக்குள் கப்பல் எப்படி ஏறியது?

திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. வானொலியில் செய்தி போகிறது: "நீண்ட தூர விமானத்தில் இருந்து ஏவப்பட்ட கப்பல் ஏவுகணைகள் இலக்கைத் தாக்கின." பக்கத்து வாங்கில் இருந்த, கடலுக்குப் போய்வரும் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பிளேனுக்குள்ள கப்பலை எப்பிடி ஏத்தினவங்கள்?"

சிரிப்பு வந்தது. ஆனால் இந்தக் 'கப்பல் ஏவுகணை' என் காதில் விழுவது இது முதல்தடவை அல்ல.

ஆங்கிலத்தில் 'குரூஸ் மிசைல்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அந்தக் 'குரூஸ்' என்ற சொல்லின் வரலாறு சுருக்கமானதுதான். இலத்தீனில் குரூக்ஸ் என்றால் சிலுவை. அதிலிருந்து ஒல்லாந்தரின் குரூசன் வந்தது. கடலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் திரிவது என்று பொருள். ஆங்கிலத்துக்குப் போய் குரூஸ் ஆனது. ரோந்துக் கப்பலுக்கும், பிறகு உல்லாசக் கப்பலுக்கும், அதன் பிறகு விமானம் மேலேறி முடித்து ஒரே சீராகப் பறக்கும் கட்டத்துக்கும் அதே சொல் நின்றது. ஏவுகணைக்கு ஒட்டியது இந்தக் கடைசிப் பொருள். எங்கள் துறைமுகத்துக்கு வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி வரும் கப்பலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள், அல்லது இயந்திரம் ஒட்டியதை வாசித்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

வெறும் பிழை என்றால் மன்னிக்கலாம், இது குழப்பமும் கூட. கப்பலிலிருந்து ஏவும் ஏவுகணை உண்டு, கப்பலைத் தாக்கும் ஏவுகணையும் உண்டு. தமிழில் 'கப்பல் ஏவுகணை' என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நினைக்க முடியும். துறைமுக ஊர்க்காரனுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த 'நீண்ட தூர'மும் கணைக்கு உரியது. செய்தியிலோ விமானத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

'குரூஸ் ஏவுகணை' என்று அப்படியே எழுதுவோர் மேல் எனக்குக் கோபம் குறைவு. கிழக்குக் கரைக்கு குரூஸ் என்ற குடும்பப் பெயர் புதிதல்ல. போர்த்துக்கேயர் விட்டுப்போன அதே சிலுவைதான் அதுவும். ஆரோ ஒரு குரூஸ் செய்த ஏவுகணை போலக் கேட்கிறது, அவ்வளவே.

என் சண்டை படித்தவர்கள் ஆளும் 'சீர்வேக ஏவுகணை'யோடு. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இதை ஆக்கியவர் கப்பலில் ஏறவில்லை, விமானத்தின் குரூஸ் என்னவென்று புரிந்துதான் ஆக்கியிருக்கிறார். ஆனால் வேகமா இதன் அடையாளம்? சீரான வேகத்தில் மாட்டுவண்டியும் போகும். ரஷ்யாவின் காலிபர் வகையில் கப்பலைத் தாக்கும் ஒன்று, ஒலியை விட மெதுவாக வந்து கடைசிக் கட்டத்தில் ஒலியை மிஞ்சிப் பாய்கிறது. அங்கே சீர்வேகம் எங்கே போனது? இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த பிரமோஸ் ஒலியை விட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். 2017 நவம்பரில் சுகோய் விமானத்திலிருந்தும் அதை ஏவிப் பார்த்தார்கள். மெதுவானது, வேகமானது, நடுவில் வேகம் மாற்றுவது எல்லாம் ஒரே இனம் என்றால், இனத்தைக் காட்டும் பெயர் வேகத்தில் நிற்க முடியாது.

பாலிஸ்டிக் என்ற மற்ற ஏவுகணை வகையிலிருந்து இதற்குள்ள வேறுபாடு பறப்பில் இருக்கிறது. பாலிஸ்டிக் வகையில் இயந்திரம் தொடக்கத்தில் மட்டும் எரியும். பிறகு அது வீசிய கல். ஷெல்லடிக்குள் வாழ்ந்த எங்கள் சனம் 'எறிகணை' என்று மிகச் சரியாகச் சொன்ன ஷெல்லும் அதே எறிதல்தான். குரூஸ் வகையோ ஆளில்லாத குட்டி விமானம். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் சுமக்கும் ஏஜிஎம்-86 என்ற கணை, அதிலிருந்து கழன்று விழும்போது சிறகு மடித்தபடி விழும். விழுந்துகொண்டே சிறகை விரிக்கும், இயந்திரம் உயிர்பெறும், தரையை ஒட்டி 2,400 கிலோமீற்றருக்கு மேல் போகும். 1991 ஜனவரியில் ஏழு பி-52 விமானங்கள் லூசியானாவிலிருந்து கிளம்பி, ஈராக் மீது 35 கணைகளை ஏவிவிட்டுத் திரும்பின. போய்வர ஏறத்தாழ 35 மணித்தியாலம். இலக்கின் தலைக்கு மேலே போகவேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையின் சீனன்குடாவில் குண்டு போட்ட ஜப்பானிய விமானங்களோ எங்கள் தலைக்கு மேலே வந்தேதான் ஆகவேண்டியிருந்தது. 'நெடுந்தூரம்', 'வானிலிருந்து ஏவுதல்' என்ற இரண்டு அடைமொழிகளுக்கும் உள்ள கனம் இதுதான்.

ரஷ்யர்கள் இதைச் 'சிறகுள்ள ராக்கெட்' என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் எளிது. கணை என்றாலே அம்பு. 'கணைகொடிது' என்று குறளில் நிற்கும் பழைய சொல். 'ஏ' என்ற ஓரெழுத்துக்கும் அம்பு என்றே பொருள். ஆகவே சிறகுக் கணை. முழுப்பெயர் வேண்டுமென்றால், வானேவு நெடுந்தூரச் சிறகுக் கணை. நீளம்தான், ஆனால் எந்த அடைமொழியும் இடம் மாறி விமானத்தில் போய்க் குந்தாது.

அடுத்த நாள் அந்த ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சிறகுக் கணை... விளங்குது," என்றார். பிளேன்டியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "அப்ப இப்ப போய் விழுந்து வெடிக்கிற ட்ரோன்? அதுக்கும் சிறகுதானே தம்பி?"

அதற்கு என்னிடம் இன்னும் சொல் இல்லை.