பாராகுவாட் குடித்த பழ ஈ: முதுமையா, நஞ்சா?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த களை வெயில் ஏற ஏற வாடிக் கருகிவிடும். ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானை அது இடைமறித்து ஆக்சிஜனிடம் சேர்த்துவிடுவதே காரணம். விலங்குக்கு ஒளிச்சேர்க்கை இல்லையென்றாலும், மைட்டோகாண்ட்ரியாவிலும், என்ஏடிபிஎச் என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறைச் செலவழிக்கும் நொதிகளிலும் எலக்ட்ரான் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அங்கும் இதே வேலைதான். ஆக்சிஜனால் வரும் இப்படிப்பட்ட சேதம் சேர்வதே முதுமை என்ற கருத்தை வைத்து, பாராகுவாட் குடித்துச் சாகும் பழ ஈயை 'முதுமை அடைந்த ஈ' என்று எழுதுவதுண்டு. அது சரியா?

எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன், செல்லைத் தாக்கும் சூப்பர் ஆக்சைடு ஆகிறது. கொடுத்த பாராகுவாட்டோ பழைய வடிவத்துக்கே திரும்பி அடுத்த எலக்ட்ரானை வாங்கப் போகும். தான் தீராமலே செல்லின் என்ஏடிபிஎச் இருப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். அந்த இருப்பு குறைந்தால், செல்லைக் காக்கும் குளுட்டாதியோன் என்ற மூலக்கூறைப் புதுப்பிக்க முடியாது; பாதுகாப்பும் சேர்ந்தே சரிகிறது.

சூப்பர் ஆக்சைடு முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள அகோனிடேஸ் நொதி. அதன் இரும்பு-கந்தகக் கொத்திலிருந்து ஓர் இரும்பு அணு கழன்று விழும். சூப்பர் ஆக்சைடை அகற்றும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி உடனே சிதைக்காவிட்டால், அது இந்த இரும்போடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற, வேகமாக வினைபுரியும் தனியுறுப்பாக (radical) மாறும். அருகில் இருக்கும் செல்சவ்வுக் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் அது விடாது. கொழுப்பு சிதைந்து வரும் மலோன்டைஆல்டிஹைடு, தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சூடாக்கினால் இளஞ்சிவப்பாகும். சேதத்தின் அளவை அறிய அந்த நிறத்தை 532 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள்.

பழ ஈ சோதனைக்கு 10 மில்லி நீரில் 0.5 கிராம் சர்க்கரையும் ஏறத்தாழ 51 மில்லிகிராம் பாராகுவாட் டைகுளோரைடும் கரைத்தால் 20 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, கையுறை கட்டாயம். சில மணி நேரம் பட்டினி போட்ட ஈக்களைக் கரைசலில் நனைத்த வடிதாள் உள்ள குப்பிக்கு மாற்றி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை செத்தவற்றை எண்ண வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். தாள் காய்ந்தால் ஈ தாகத்தில் சாகும். நஞ்சின் சுவை பிடிக்காமல் குடிக்காத ஈ பட்டினியில் சாகும். பிழைத்திருந்தால் 'எதிர்ப்பாற்றல் உள்ள ஈ' என்று தப்புக்கணக்கில் சேரும். அதனால் கரைசலில் நீலச் சாயம் கலந்து, வயிற்றில் ஏறிய நிறத்தைப் பார்க்க வேண்டும். வெறும் சர்க்கரை நீர்க் குப்பி இல்லாத சோதனையை நம்பவே கூடாது. ஆணையும் பெண்ணையும், இளசையும் கிழத்தையும் கலக்கவும் கூடாது.

சரி, இது முதுமைதானா? 1998-இல் மரபியல் அறிஞர் சைமர் பென்சரின் குழு கண்டறிந்த மெதுசேலா என்ற பழ ஈ வகை, சாதாரண ஈயைவிடச் சுமார் 35 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தது; பாராகுவாட்டையும் தாங்கியது. நஞ்சைத் தாங்குவதும் நீண்ட நாள் வாழ்வதும் ஒன்றே என்று எண்ணத் தோன்றும். ஆனால் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவுக்கு வெறும் 0.1 மில்லிமோலார் பாராகுவாட் கொடுத்தபோது, 2010-இல் வெளியான ஆய்வில் அதன் ஆயுள் கூடியது! சிறிதளவு சூப்பர் ஆக்சைடு, புழுவின் தற்காப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்பும் சமிக்ஞையாகிவிடுகிறது. ஒரு சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் இழந்த சுண்டெலிகளில் டிஎன்ஏ சேதம் ஏறியது, ஆயுள் குறையவில்லை.

ஆகவே 20 மில்லிமோலாரில் இரண்டு மூன்று நாளில் சாகும் ஈயை 'சீக்கிரம் கிழடு தட்டியது' என்று எழுதுவது தவறு. அது நஞ்சால் செத்தது. முதுமையைச் சொல்ல வேண்டுமானால், கொல்லாத அளவை வாரக்கணக்கில் கொடுத்து, குப்பியைத் தட்டியதும் சுவரில் ஏறும் வேகம் வயதோடு எப்படிக் குறைகிறது என்று கடைசி ஈ சாகும்வரை அளக்க வேண்டும்.