ஆற்று நீரில் மட்டும் ஏன் வானவில்?

மத்திய ஆசியாவில் இருந்த புகாராவை ஆண்ட அமீர் ஆலிம் கான் நீலப் பட்டு அங்கியும் கையில் வாளுமாக உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 1911-ல் எடுத்தது. பழைய படத்துக்கு யாரோ கணினியில் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரும் பூசவில்லை. அதைவிட வேடிக்கை, அந்தப் படத்தின் கண்ணாடித் தகட்டில் வண்ணமே கிடையாது. ஒரே காட்சியின் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

எடுத்தவர் செர்கெய் புரோகுதின்-கோர்ஸ்கி, ரஷ்ய வேதியியலாளர். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் கொடுத்த ரயில் பெட்டியில் இருட்டறை வைத்துக்கொண்டு 1909 முதல் பேரரசு முழுக்கச் சுற்றியவர்.

சரி, வண்ணம் எங்கிருந்து வந்தது? நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. அந்த மூன்றும் அனுப்பும் அளவுகளை ஒப்பிட்டுத்தான் மூளை இது மஞ்சள், இது ஊதா என்று முடிவுகட்டுகிறது. அப்படியானால் காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பதிந்துவைத்தால் போதுமே! 1861-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் லண்டனில் ஒரு கட்டம்போட்ட ரிப்பனை வைத்து இதைச் செய்து காட்டினார். அதில் குருட்டு அதிர்ஷ்டமும் உண்டு. அன்றைய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. ரிப்பனின் சிவப்புத் துணி புற ஊதாக் கதிரையும் சேர்த்துப் பிரதிபலித்ததால், சிவப்பு வடிகட்டி வழியே கசிந்த அந்தக் கதிர்தான் தகட்டில் பதிந்தது. தகட்டுக்கு உண்மையிலேயே சிவப்பை உணர வைக்கும் சாயங்கள் பிற்பாடுதான் வந்தன. அந்த வித்தையைப் புரோகுதின்-கோர்ஸ்கி 1902-ல் பெர்லினில் ஜெர்மன் ஒளிப்பட வேதியியலாளர் அடோல்ஃப் மீத்தேயிடம் கற்றார்.

நீல வடிகட்டி போட்டு ஒன்று, தகட்டை நகர்த்திப் பச்சையில் ஒன்று, மறுபடி நகர்த்திச் சிவப்பில் ஒன்று. அமீரின் அங்கி நீலப் பதிவில் வெளிச்சமாக விழும், சிவப்புப் பதிவில் மங்கிப்போகும். பிறகு மூன்றையும் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவாக மாற்றி, அந்தந்த நிற ஒளியில் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால் காட்சி முழு வண்ணத்தில் எழுந்து நிற்கும்.

ஆனால் மூன்றையும் எடுத்து முடிக்கச் சில நொடிகளாவது ஆகும், எனக்கு இந்தப் படங்களில் ரொம்பப் பிடித்தது அந்த இடைவெளிதான். அமீர் அசையாமல் இருப்பார், ஆறு இருக்குமா? நீலப் பதிவின்போது ஓரிடத்தில் மின்னிய அலை பச்சைப் பதிவுக்குள் தள்ளிப் போயிருக்கும், சிவப்புக்குள் இன்னும் தள்ளி. மூன்றையும் சேர்க்கும்போது அலை ஒன்று, நிறம் மூன்று! தண்ணீரெங்கும் வானவில் துணுக்குகள். சிவப்புப் பதிவின்போது மட்டும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒருவர் குறுக்கே போனால், அங்கே சிவப்பு குறைந்து அவர் பச்சை கலந்த நீலப் பேயாகத் தெரிவார். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு படத்துக்குள்ளேயே எது முன்னால், எது பின்னால் என்று நிறத்தை வைத்துப் படிக்க முடிகிறதே!

அவருடைய நெகட்டிவ்களில் 1,902-ஐ அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1948-ல் வாங்கியது. இப்போது இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மூன்று சதுரங்களாக வெட்டி, எந்தப் பட மென்பொருளிலும் நீலம், பச்சை, சிவப்பு அடுக்குகளில் வைத்து நகர்த்திப் பாருங்கள். கட்டடம், பாறை எல்லாம் சீக்கிரம் பொருந்திவிடும். அப்புறம் மரத்தைப் பொருத்தப் போனால் கட்டடம் விலகும், கட்டடத்தைச் சரிசெய்தால் இலைகளின் ஓரம் சிவக்கும். அன்றைக்குக் காற்று அடித்திருக்கிறது.