ஸ்டவுட் ‘தடித்த பீர்’ அல்ல

போன வாரம் அக்கா மகன் லண்டனிலிருந்து வந்திருந்தான். திருநகர் வீட்டு மொட்டைமாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தான். இம்பீரியல் ஸ்டவுட். ஸ்டவுட் என்பது கருக வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சும் ஒரு பீர் வகை. லேபிளைப் போனில் காட்டித் தமிழாக்கி, “மாமா, இதைக் கேளுங்க” என்று வாசித்தான்: “ஏகாதிபத்தியத் தடித்த பீர். முழு உடல் கொண்டது. நீண்ட முடிவு.”

போனைச் சொல்லிக் குற்றமில்லை. இதே ‘தடித்த பீரை’ சப்டைட்டிலில் பார்த்திருக்கிறேன், ஒரு வார இதழின் பயணக் கட்டுரையில் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு மொழிபெயர்க்கிற ஒருவர் அதுதான் சரி என்று என்னிடமே வாதாடியிருக்கிறார். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டவுட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே துணிச்சல், செருக்கு என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்ததும் வீரம், வலு என்று ஆனது. 1670களிலேயே வீரியம் கூடிய பீரை அப்படி அழைத்திருக்கிறார்கள். உடம்பு பருத்தவரை ஸ்டவுட் என்று சொல்லும் வழக்கம் 1800ஐ ஒட்டித்தான் வருகிறது. பீருக்குப் பெயர் வைத்து நூறு வருஷத்துக்குமேல் கழித்துப் பிறந்த பொருளை அந்தப் பீரின் தலையில் கட்டுவது தப்பு. குடித்துப் பார்த்தாலும் பொருந்தாது. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் பீரும் ஸ்டவுட்தான். நுரை மட்டும் ஏடு மாதிரி மெத்தென்று நிற்கும். உள்ளே இருப்பது லேசானது, ஆல்கஹால் 4.2 சதவீதம். அதில் தடிப்பு எங்கே இருக்கிறது?

‘தடித்த’ இதோடு ஒழியட்டும். எனக்குப் பெரிய வழக்கு ‘கருங்கள்’ளோடுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என் மதிப்புக்குரிய நண்பர், ஸ்டவுட்டுக்கு இந்தச் சொல்லை விடாமல் எழுதிவருகிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இரண்டு பாதியும் தவறு.

முதலில் ‘கரு’. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வெளிர்நிற ஸ்டவுட்டும் விற்றிருக்கிறது. வீரியம்தான் கணக்கு, நிறம் கணக்கில்லை. 1817இல் டேனியல் வீலர் என்பவர் முளைகட்டிய பார்லியை உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம்தான் இன்று நாம் பார்க்கும் மைக்கறுப்பு எளிதாகக் கிடைத்தது. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் பெயரிலேயே கறுப்பு, ஆனால் அது லாகர், அதாவது குளிரில் நொதிக்கவிடும் வேறு பீர் வகை. ‘கருங்கள்’ என்று எழுதினால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

அடுத்தது ‘கள்’. இதில் நண்பர் பக்கம் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். சங்க காலத்தில் தானியத்தில் காய்ச்சியதும் கள்தான். பெரும்பாணாற்றுப்படை ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்கிறது, வீட்டில் காய்ச்சிய நெல் கள். அரிசிக் களியை வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, அடை என்னும் நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் பக்குவத்தையும் அதே பாட்டு சொல்கிறது. பீருக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் நம்மிடம் இல்லை. ஆனால் இன்றைக்கு மேலூரிலோ உசிலம்பட்டியிலோ போய்க் கள் என்று சொல்லுங்கள். பனையும் தென்னையும் பாளையும்தான் மனதில் வரும். 1987 முதல் இங்கே அதற்குத் தடை என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். உயிரோடு இருக்கும் ஒரு சொல்லின் பொருளைப் பிடுங்கிவிட்டு, ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய பொருளை வைத்துக்கொள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தேறல் என்று வைக்கலாமே என்பார்கள். தேறல் தெளிந்த மது. பாண்டியன் நன்மாறனிடம் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று பாடியது ஒயினுக்குப் பொருந்தும், வெளிச்சமே புகாத ஸ்டவுட்டுக்குப் பொருந்தாது.

பீர் பீராகவே இருக்கட்டும். ஜிகர்தண்டாவை இந்த ஊர் ‘ஈரல் குளிர்ச்சி’ என்று மாற்றிக்கொள்ளவில்லை, அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வரவில்லை. முன்னொட்டுதான் தமிழில் சரியாக அமைய வேண்டும். என் சொல் கடும்பீர். பாலில்லாத காப்பியைக் கடுங்காப்பி என்கிறோமே, அந்தக் ‘கடு’. அதற்குள் வீரியம் இருக்கிறது, வறுத்த கசப்பு இருக்கிறது, கறுப்பும் சொல்லாமலே வந்துவிடுகிறது. 4.2 சதவீத ஸ்டவுட்டையும் அது விட்டுவிடாது, ஏனென்றால் கடுங்காப்பியின் கடுமையை யாரும் சதவீதத்தில் அளப்பதில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டு ‘இன்கடுங் கள்ளின் ஆமூர்’ என்று தொடங்குகிறது. இனிப்பும் கடுப்பும் ஒரே சொல்லில்! சொல்லாக்கம் செய்கிறவர்கள் அந்த அடியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

‘ஏகாதிபத்திய’ என்பதை எழுதியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மதுரைச் சுவர்களில் ஐம்பது வருஷமாகத் தோழர்கள் எழுதிவைத்த சொல் அது. சுரண்டல், ஆதிக்கம் என்று ஆழமான பொருள் ஏறியது. இம்பீரியல் ஸ்டவுட் லண்டன் சதர்க்கில் காய்ச்சி, ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரண்மனைக்குக் கப்பலேறியது. இப்போதோ 8 முதல் 12 சதவீதம் வரை வீரியம் கூட்டியதற்கான பொதுப்பெயர். நம்மிடம் ராஜநாகம் இருக்கிறது, ராஜபிளவை இருக்கிறது. ராஜா வளர்த்த பாம்பு என்று யாராவது பொருள் கொள்கிறோமா? வகையில் பெரியது, வீரியமானது, அவ்வளவுதான். ராஜ கடும்பீர் என்று சொன்னால் போதும்.

‘முழு உடல்’, ‘நீண்ட முடிவு’ என்றெல்லாம் எழுதுகிறவர்கள் வீட்டில் பாயசம் குடித்ததே இல்லையா? பாயசம் கெட்டியாக இருக்கிறது, கசப்பு அடிநாக்கில் நிற்கிறது என்று நாள்தோறும் சொல்லும் வாய்தானே! அகராதியைத் திறந்ததும் அந்த வாயை மூடிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பின் நோயே இதுதான்.

பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கவிடவில்லை. சில்லென்று குடித்தால் குளிர்ச்சி மட்டும்தான் தெரியும். அரைமணி நேரம் வெளியே வைத்து, கண்ணாடி டம்ளரில் சாய்த்து ஊற்றினோம். காப்பிப்பொடி நிறத்தில் நுரை எழும்பி மெல்ல அடங்கியது. அவன் போனை மூடிவைத்தான். நான் சொல்லச் சொல்ல லேபிளின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்: “ராஜ கடும்பீர். மோந்தால் வறுத்த காப்பிக்கொட்டை, பின்னால் கருப்பட்டி. பாகுபதத்துக்குக் கொஞ்சம் முந்தின கெட்டி. இனிப்பு முதலில், காந்தலும் கசப்பும் பிறகு. தொண்டை இறங்கியதும் நெஞ்சில் சூடு. அடிநாக்கில் கசப்பு வெகுநேரம் நிற்கிறது.”