ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் எங்கே கொண்டுபோய் விடும்?

அமெரிக்கப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கான பாடத்தேர்வுப் படிவம் எட்டாம் வகுப்புக் குளிர்காலத்திலேயே, பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், வந்துவிடும். கல்லூரிக்கு இன்னும் காலமிருக்கிறதே என்று பல பெற்றோர் அதைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாடம் எது என்பதையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ்: பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் வரிசை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கால்குலஸ் படிக்கும். ஒன்பதில் தொடங்கினால் ப்ரீகால்குலஸோடு நிற்கும். இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிப்பவருக்கு இது பெரிய குறை. ஏபி பிசிக்ஸ் சி பாடத்துக்குக் கால்குலஸ் முன்பே முடிந்திருக்க வேண்டும், அல்லது கூடவே நடக்க வேண்டும்; அதனால் அதுவும் கைநழுவும்.

சரிசெய்ய வழி உண்டு. பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2 இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். அல்லது ஒன்பது முடிந்த கோடையில் ஜியாமெட்ரியை முடிக்கலாம். வெளியே படிப்பதானால், பள்ளியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். அல்ஜீப்ரா 2-ஐ மட்டும் கோடையில் சுருக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. லாகரிதம், ஃபங்ஷன் எல்லாம் அரைகுறையாகப் போனால் ப்ரீகால்குலஸ் ஆட்டம் காணும்.

விண்ணப்பத்தைப் படிப்பவர் ஏபி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. டிரான்ஸ்கிரிப்ட்டோடு (பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல்) பள்ளி அனுப்பும் ஸ்கூல் புரொஃபைலில் அங்கே என்னென்ன பாடங்கள் உண்டு என்பது இருக்கும். பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலும், அதே பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) கேட்கிறார்கள். ஐந்தே ஏபி உள்ள பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளை, இருபத்தைந்து உள்ள பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையைவிடக் கடினமான பாதையில் வந்ததாகவே தெரியும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விதிகள் தனி. எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணை அவர்கள் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்கள்தான் வரும்; கடினமான பாடங்களுக்குத் தரும் கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 செமஸ்டர்களுக்கு, அதில் பத்தாம் வகுப்பிலிருந்து 4-க்கு மேல் கூடாது. வெளிமாநில மாணவர்களுக்கு ஏபி, ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) பாடங்களுக்கு அந்தப் புள்ளி உண்டு, பள்ளியே கடினமாக்கி நடத்தும் ஆனர்ஸ் பாடங்களுக்கு இல்லை. 'அப்படியானால் ஒன்பதாம் வகுப்பு முக்கியமில்லையே' என்று நினைக்காதீர்கள். அந்த வருடப் பாடங்களும் ஏ–ஜி (சேர்க்கைக்கு அவர்கள் கேட்கும் பாடப் பட்டியல்) தகுதிக்குத் தேவை, குறைந்தது சி வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்டிலும் அவை இருக்கும்.

மறுபக்கத் தவறும் அடிக்கடி நடக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஆனர்ஸாக எடுத்து, முதல் செமஸ்டரிலேயே இரண்டு சி வாங்கி, பத்தாம் வகுப்பில் எல்லாவற்றிலும் சாதாரண நிலைக்கு இறங்கிவிடுவது. ஒன்பதில் பிள்ளைக்குப் பிடித்த இரண்டு, மூன்று பாடங்களில் ஆனர்ஸ் போதும். அடுத்தடுத்த வருடம் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். சி வரும்போலத் தெரிந்தால் பாடம் மாற்றும் கடைசித் தேதிக்குள் மாற்றுங்கள். தாமதித்து விலகினால் பல பள்ளிகளில் டிரான்ஸ்கிரிப்ட்டில் 'டபிள்யூ' (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) விழும்.

இன்னொன்று, வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு. அங்கீகாரம் பெற்ற தமிழ்ப் பள்ளிப் படிப்பை உலகமொழிக் கிரெடிட்டாகச் சில பள்ளி மாவட்டங்கள் ஏற்கின்றன. உங்கள் மாவட்டம் ஏற்குமா, எந்த நிலைவரை ஏற்கும் என்று படிவம் கொடுப்பதற்கு முன்பே கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஏற்றால் ஸ்பானிஷுக்கு ஒதுக்கவிருந்த பீரியடில் இரண்டாவது கணக்கோ அறிவியலோ வைக்கலாம்.