அம்மாவைப் பார்க்கிற பிள்ளையையும் பாருங்கள்

படுக்கையில் கிடந்தது தாய். மயங்கி விழுந்தது மகள். பக்கத்து வீட்டுக்காரர் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்த மகளின் கிளினிக் கொப்பியை விரித்துப் பார்த்தால், கடைசியாக மருந்து எடுத்த தேதி பல மாதங்களுக்கு முந்தியது. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர், தாயின் குளிசையை நேரம் தவறாமல் கொடுத்தவர், தன்னுடைய குளிசையை எடுக்கப் போகவில்லை. கேட்டால், "அம்மாவை ஆரிட்ட விட்டுட்டு வாறது மிஸ்ஸி?" என்கிறார்.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளரைப் பார்க்கும் பொதுச் சுகாதாரத் தாதி. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கதை மாறுவதில்லை. ஒரு மகள், அல்லது கலியாணம் கட்டாத ஒரு தங்கச்சி, சில வீடுகளில் மருமகள். மற்றப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும். காசு வருகிறது, வீடியோ கோலும் வருகிறது. இரவு ஒரு மணிக்குத் தாயைத் திருப்பிப் படுக்க வைக்க மட்டும் இன்னொரு கை வருவதில்லை. (யாரையும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக இங்கே சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

விழுந்த அந்த மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை ஒருக்கால் சந்தியுங்கோ அக்கா, என்னென்ன உதவி இருக்கெண்டு கேளுங்கோ" என்றேன். அவ்வளவுதான். அவர் முகம் மாறிவிட்டது. "அம்மாவைக் கைதடியில கொண்டுபோய் விடச் சொல்லுறியளோ? நான் உயிரோட இருக்குமட்டும் அது நடக்காது." முதியோர் இல்லம் இருக்கிற கைதடியின் பெயரை நான் எடுக்கவே இல்லை.

இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் 'உதவி' என்று சொன்னால் சனத்தின் காதில் 'முதியோர் இல்லம்' என்றே விழுகிறது. எத்தனை தரம் சொன்னாலும் அப்படியே விழுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கைதடியில் இருப்பது அரச முதியோர் இல்லம். பார்க்க ஆளில்லாத, போக்கிடம் இல்லாத வயோதிபர் தங்கும் இடம் அது. அங்கே வேலை செய்பவர்களை நான் மதிக்கிறேன். அங்கே போக நேர்ந்தவர்களில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு விறாந்தைக்கும் கைதடிக்கும் இடையில் எவ்வளவோ இருக்கிறது. நீங்கள் கேட்கக்கூடியதெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு சக்கர நாற்காலி கேட்டீர்கள் என்பதற்காக உங்கள் தாயை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அப்படிப் போக எந்த உத்தியோகத்தருக்கும் அதிகாரம் கிடையாது. பெயரைப் பதிந்தால் "பிள்ளை பார்க்கவில்லை" என்று எங்கும் எழுதப்படாது. கிராம அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தால் அது விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதற்கு. ஊருக்குச் சொல்வதற்கு அல்ல. எத்தனையோ பேர் நடக்க ஏலாத தகப்பனைக் கதிரையோடு தூக்கிச் சுமந்து தங்கள் முதுகைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டால் சனம் என்ன சொல்லும் என்ற ஒரே பயம்தான் காரணம். சனம் உங்கள் முதுகுக்கு மருந்து பூச வராது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 60 வயது தாண்டிய எல்லோரும் அந்தச் சட்டத்தில் வருகிறார்கள். முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் அந்தச் சட்டத்தால் வந்தவை. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. பலர் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கேள்விப்பட்டு, சட்டம் என்றாலே பிள்ளைகளைக் கோர்ட்டுக் கூட்டில் ஏற்றுவது என்று நினைக்கிறார்கள். நாளாந்த வாழ்க்கையில் உங்களுக்கு வேண்டியது அதைவிட மிகச் சாதாரணமான விஷயங்கள்.

முதலில் முதியோர் அடையாள அட்டை. 60 வயது முடிந்தால் எடுக்கலாம். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அலுவலகங்களிலும் வரிசையில் முன்னுரிமை கேட்க அது கைகொடுக்கும். 70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு வேறு கொடுப்பனவு. மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவற்றுக்குச் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். எல்லாம் உடனே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் தாய் இன்னும் நடந்து திரியும்போதே பதியச் சொல்கிறேன். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. உங்கள் கிராம அலுவலரின் வீட்டு ஒழுங்கை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்புறம் ஊர் முதியோர் சங்கம். மாதாந்தக் கூட்டமும் வருடத்தில் ஒரு சுற்றுலாவும்தானே என்று இளம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு பின்னேரம் வீட்டை விட்டு வெளியே போய், தன் வயதுக்காரரோடு இருந்து கதைத்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரும் ஆச்சி அன்றிரவு நல்லாக நித்திரை கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பின்னேரம் மகளுக்கும் சொந்தம். உங்கள் பிரிவில் பகல் பராமரிப்பு நிலையம் நடக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

இனி வீட்டுக்குள் நடக்கும் காரியம். படுக்கைப் புண் ஏன் வருகிறது என்று நான் விளக்க வரவில்லை. ஒரே பக்கம் கிடந்தால் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஆனால் தனியாக நிற்கிற பெண் தன்னை விடப் பாரமான ஒருவரை எப்படித் திருப்புவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் காட்டிக் கொடுக்க வேண்டிய வேலை இது, அவசரத்தில் விடுபட்டுப்போகிறது. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களுக்குத் தூரத்தில் உள்ள அவரது கையை நெஞ்சுக்குக் குறுக்கே வையுங்கள். தூரத்துக் காலை முழங்காலில் மடக்குங்கள். ஒரு கையால் தூரத்துத் தோளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். இழுக்க வேண்டாம், உருட்டுங்கள். இழுத்தால் தோல் உரியும், உங்கள் நாரியும் பிடிக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் இடையில் இன்னொன்று, குதிக்கால் மெத்தையில் படாதபடி காலின் கீழ் ஒரு மடித்த துவாய். ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டினால் யாருக்கும் வரும்.

சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். வளையம் மாதிரி ஊதிய டியூப்பில் இருத்தாதீர்கள், புண் அதனால் கூடும். பவுடரும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். நிமிர்த்தி இருத்தித்தான் கஞ்சி பருக்க வேண்டும், பருக்கி அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது. நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் இன்று குழம்பி மாறாட்டமாகக் கதைத்தால் "வயசு போட்டுது" என்று விடாதீர்கள். சலத்தில் கிருமியோ, மலச்சிக்கலோ, சீனி இறங்கியதோ, புதிதாகத் தொடங்கிய குளிசையோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். நாலு கிளினிக் மருந்தையும் ஒரே பொலித்தீன் பையில் கலந்து போடுவதையும் நிறுத்துங்கள், தயவு செய்து.

சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பராமரிப்பாளர் வேலைக்கு முறையான பயிற்சியும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் இருக்கின்றன. படித்தவர்களில் பலர் இஸ்ரேலுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விடுவதால் இங்கே தட்டுப்பாடுதான். பயிற்சி இல்லாத ஆளென்றால் முதல் சில நாட்கள் கூட நின்று பழக்குங்கள். வீட்டு வேலைக்கு வந்த பிள்ளையிடம் மூக்குக் குழாயால் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பைத் திடீரென்று தூக்கிக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கும் அநியாயம், தாய்க்கும் அநியாயம்.

பார்க்கிறவர்களே, உங்களுக்கு: நித்திரை இல்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், சின்ன விஷயத்துக்கும் தாயின் மேல் எரிந்து விழுகிறீர்கள் என்றால், நீங்கள் கெட்டுப்போகவில்லை, களைத்துப்போனீர்கள். ஒருநாள் கை ஓங்கிவிட்டேன் என்று அழுத மகன்மாரும் மகள்மாரும் எங்களிடம் வந்திருக்கிறார்கள். நாங்கள் பொலிஸ் இல்லை. வந்து சொல்லுங்கள். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் கதைக்கலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். உங்கள் கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். அன்று காலை தாயோடு இருக்க ஒருவரை முந்தின கிழமையே கேட்டு வையுங்கள். அயலில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்களாக வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த முறை வீடியோவில் வரும்போது "அம்மாவுக்கு ஏன் புண் வந்தது?" என்று தொடங்காதீர்கள். "நீ கடைசியாக எப்ப கிளினிக் போனாய்?" என்று தங்கச்சியைக் கேளுங்கள். லீவில் வந்தால் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் இடையில் இரண்டு கிழமை இரவுப் பொறுப்பை எடுத்து, அவரை நித்திரை கொள்ள விடுங்கள். வர முடியாதவர்கள், கிழமைக்கு இரண்டு பின்னேரம் பழகிய ஒருவர் வந்து நிற்பதற்கான சம்பளத்தைப் பொறுப்பெடுங்கள், அதை மாதம் தவறாமல் அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றால், துண்டு வெட்டும்போது வாட்டில் சொல்லுங்கள், அல்லது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். நோயறிதல் அட்டை, கிளினிக் கொப்பி, இப்போது கொடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். உங்கள் சொந்தக் கிளினிக் கொப்பியையும்.