மறைந்த புள்ளிகள் எங்கே போகின்றன?

இராமநாதபுரத்திலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், தம் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் புதிதாக விட்ட கோமாளி மீனின் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றியதாகவும், மருந்து ஊற்றிய சில நாள்களில் அவை மறைந்ததாகவும், பின்னர் தொட்டியிலிருந்த எல்லா மீன்களும் புள்ளி கண்டு இறந்ததாகவும் தெரிவித்து, குணமான நோய் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டிருக்கிறார். நோய் குணமாகவே இல்லை. மருந்து ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய அதே நாளில் மறைந்திருக்கும்.

வெண்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி. மீனின் தோலிலும் செவுளிலும் மேற்புறச் செல்களுக்கு அடியில் புதைந்து, 3 முதல் 7 நாள் வரை அங்கேயே தின்று வளர்கிறது. நாம் காணும் புள்ளி அதுதான். வளர்ந்து முடிந்ததும் தானாகவே மீனை விட்டு விலகி, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கடினமான உறை ஒன்றைக் கட்டுகிறது. உறைக்குள் அது பலமுறை பிளந்து இருநூறு வரையான குஞ்சு உயிரிகளாகப் பெருகும். உறையை விட்டு நீந்தி வரும் இவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனை அடையாவிட்டால் மடிந்துவிடும்.

இந்தச் சுழற்சியில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதன் நேரக்கணக்கு. வளர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு விலகுவது பெரும்பாலும் இருட்டில். உறையிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதும் இருட்டில், விடிவதற்கு முந்தைய மணிகளில். பகலெல்லாம் பவளப்பாறைகளுக்கிடையே அலையும் வண்ணத்துப்பூச்சி மீனும் கிளி மீனும் இரவில் ஏதாவதொரு பொந்திலோ பாறை ஓரத்திலோ அசையாமல் தங்குகின்றன. பல மீன்கள் நாள்தோறும் அதே இடத்துக்கே திரும்புகின்றன. அந்த நேரத்தில் விலகும் ஒட்டுண்ணி அந்தப் படுக்கையிலேயே விழுகிறது. நாள்கள் கழித்து அதன் குஞ்சுகள் வெளிவரும் நேரத்திலும் மீன் அங்கேயே உறங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. கண்ணோ மூளையோ இல்லாத ஓர் உயிரி, பரந்த கடலில் தன் இரையைத் தேடி அலைய வேண்டிய தேவையை நேரத்தைக் கொண்டே தீர்த்துவைத்திருக்கிறது. அப்படியிருந்தும் பாம்பன் கால்வாயில் ஓடும் நீரோட்டத்தில் பெரும்பாலான குஞ்சுகள் அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன; ஆகவே கடலில் ஒரு மீனின்மேல் சில புள்ளிகளே காணப்படும். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் அடித்துச் செல்ல இடமில்லை. அங்கே இருநூறு குஞ்சுகளுக்கும் மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

புதிய மீனைத் தனித் தொட்டியில் வைத்துக் காத்திருக்கும் முறை இதனால்தான் தேவைப்படுகிறது. இந்தக் கடற்கரைக்கு இது புதிய கருத்தும் அன்று: பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், தொற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். மனிதர்களை அப்படி அடைத்துவைத்த விதம் கொடியது. ஆயினும் காத்திருக்கும் காலம் நோய் மறைந்திருக்கும் காலத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இன்றும் சரியே. மீனுக்கு அது குறைந்தது நான்கு வாரம்.

தனிமைத் தொட்டியை அமைப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஹீட்டர், காற்றுக்கல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். கரையிலிருந்து அள்ளிய மணலையும் பவளக்கல்லையும் அழகுக்காகக்கூடப் போடக் கூடாது. அவை சுண்ணாம்புப் பொருள்கள், மருந்தாக இடும் தாமிரத்தை உறிஞ்சி அளவைக் குலைத்துவிடும். பவளக்கல்லை எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கடல்நீர் கொண்டுவருவோர் அதை மீன் இல்லாத மூடிய தொட்டியில் சில நாள் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்தால், நீரில் நீந்தும் குஞ்சுகள் பட்டினியால் மடிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணையின் உப்புத்தன்மை இறங்குவதால், அப்போது அள்ளும் நீரை அளந்து பார்த்தே பயன்படுத்த வேண்டும். கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீர், ஏனெனில் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் இது நீரில் இருவகையாக இருக்கிறது. நஞ்சாக இருப்பது மின்னூட்டமற்ற வகை. பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 7 உள்ள நன்னீரில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பிஎச் 8.2 உள்ள நம் வெதுவெதுப்பான கடல்நீரிலோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். எனவே நன்னீர் மீன் தாங்கும் அழுக்கைக் கடல்மீன் தாங்காது. ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்னதாகவே நோயற்ற பெரிய தொட்டியில் போட்டுவைத்தால் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா அதில் குடியேறும். பின்பு அந்த ஸ்பாஞ்சைத் தனிமைத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மருந்துகளில் பழையது தாமிரம், அதாவது மயில்துத்தம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில் மூன்று வாரம் நிலையாக இருந்தால் அது நீந்தும் குஞ்சுகளைக் கொல்லும். தோலுக்கடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. அளவு இறங்கினால் பயனில்லை, ஏறினால் மீன் இறக்கும். தினமும் சோதிக்காமல் தாமிரம் இடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மருந்தில்லாத வழி ஒன்றும் உண்டு: உறை குஞ்சு பொரிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதால், மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை சுத்தமான வேறு தொட்டிக்கு, விடிந்தபின், நான்கு முறை மாற்றிக்கொண்டே போக வேண்டும். விழுந்த உறைகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தத் தொட்டியையும் வலையையும் கழுவி முற்றிலும் உலர்த்தினால் அவை அழியும். ஆனால் செவுளைத் தாக்கி விரைவில் கொல்லும் அமைலூடினியம் என்ற மற்றோர் ஒட்டுண்ணிக்கு இந்த இடமாற்றத்தை நம்ப முடியாது, தாமிரமே வேண்டும்.

வீட்டில் மீன் செத்தால் குடும்பத்துக்கு வந்த கண்டம் அதோடு போய்விட்டது என்று சொல்லும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த ஆறுதல், செத்த மீனின் செவுளைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே தோன்றவிடுவதில்லை; அடுத்த மீன் அதே தொட்டிக்கு வந்து அதே நோயில் சாகிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல் விரால் எனப்படும் கோபியாவை இனப்பெருக்கம் செய்யவைத்துச் சாதித்தது. பெருமைக்குரிய அந்த வேலைக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் ஒட்டுண்ணி ஆய்வுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. உறை பொரிக்கும் காலம் வெப்பநிலையோடும் ஒட்டுண்ணியின் இனக்கூற்றோடும் மாறுவதால், மன்னார் வளைகுடாவின் வெப்பத்தில் அதை ஆண்டுதோறும் அளக்கும் ஆய்வகம் மண்டபத்திலேயே இயங்குவது கடலோரக் கூண்டு மீன்வளர்ப்போருக்கும் நேரடியாக உதவும்.

கேள்வி கேட்ட வாசகர் பெரிய தொட்டியை இப்போதே மீண்டும் நிரப்பக் கூடாது. உறைகள் 72 நாள் வரை உயிரோடு கிடந்து பொரித்ததற்குப் பதிவு இருப்பதால், 76 நாள் அதில் ஒரு மீனும் இருக்கலாகாது. கடல் சாமந்தியும் இறாலும் சங்கும் இருக்கலாம், அவற்றை இந்த ஒட்டுண்ணி அண்டாது. ஆனால் அந்தத் தொட்டியில் தாமிரத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், முதுகெலும்பற்ற உயிர்களை அது கொன்றுவிடும்.